மீன்கொத்தியைப் பிறகு பார்க்கலாம், முதலில் சேப்பங்கிழங்கு இலை

சுற்றுச்சூழல் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, வணக்கம். நான் இயந்திர வடிவமைப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதியில் காலநிலைக்காகக் குரல் கொடுக்கும் இளைஞர் குழு ஒன்று இருக்கிறது. எல்லோரும் 16-லிருந்து 22 வயதுக்குள் இருப்பவர்கள். பயோமிமிக்ரி, அதாவது இயற்கையைப் பார்த்து வடிவமைப்பது பற்றியும் அது சுற்றுச்சூழலுக்கு எப்படி உதவும் என்பது பற்றியும் 40 நிமிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மீன்கொத்தி அலகைப் பார்த்துச் செய்த புல்லட் ரயில், நாயின் முடியில் ஒட்டிய காயிலிருந்து வந்த வெல்க்ரோ, திமிங்கிலத் துடுப்பைப் பார்த்துச் செய்த காற்றாலை இறக்கை என்று ஏராளமான ஸ்லைடுகள் தயார். ஆனால் "இதனால எங்க தெருவுல தண்ணி நிக்கிறது குறையுமா அண்ணா?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எப்படிப் பேசுவது?
– வடிவமைப்புப் பொறியாளர், வேளச்சேரி

பதில்: அந்தக் கேள்விக்குப் பயப்படாதீர்கள் தம்பி. அதை அவர்கள் கேட்கத்தான் வேண்டும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைச் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் அவர்கள். 2019 கோடையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். 2023-ல் மிக்ஜாம் வந்தபோது மறுபடியும் மொட்டைமாடிக்குப் போனவர்கள். அவர்களிடம் ஜப்பான் ரயிலைக் காட்டிவிட்டு இறங்கினால் கைதட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். பேச்சு முழுவதையும் அந்தத் தெருத் தண்ணீரை நோக்கியே நடத்திக்கொண்டு போங்கள்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்திலிருந்து இளைஞர்களிடம் இதைப் பேசி வருகிறேன். நான் கையில் எடுத்துப் போவது ஒரு சேப்பங்கிழங்குச் செடி. காய்கறிக் கடையில் முளைவிட்ட கிழங்காகப் பார்த்து வாங்கித் தொட்டியில் புதைத்தால் சில வாரங்களில் உள்ளங்கை அகலத்துக்கு இலை வந்துவிடும். பேச்சு நாளன்று இலைகளை அறுத்து, நாலு பேருக்கு ஒரு இலை என்று கொடுங்கள். அறுத்த காம்பின் பால் கையில் பட்டால் அரிக்கும், அதனால் முதலிலேயே கழுவிக்கொண்டு போங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் செம்மண் தூளும் போதும். இலைமேல் மண்ணைத் தூவிவிட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். துளி உருண்டைக் குண்டாக நிற்கும், சாய்த்தால் ஓடும், ஓடும்போது மண்ணையும் வாரிக்கொண்டு போகும். போன பாதை பளிச்சென்று இருக்கும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லும் அதே விஷயம். இந்த நேரத்தில் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். ஏன் இப்படி நடக்கிறது என்று அவர்களே ஆளுக்கு ஒன்று சொல்லட்டும்.

அப்புறம் காரணத்தைச் சொல்லுங்கள். இலையின் மேல்தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகள்மேல் அதைவிடப் பல மடங்கு நுண்ணிய மெழுகுத் துகள்கள். ஆணிப் படுக்கைமேல் பலூன் உட்காருவது போலத் துளி அந்த நுனிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கீழே இருப்பது காற்று. 1970-களில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற தாவரவியலாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில இனங்களின் இலைகளில் மட்டும் தூசியே இல்லை. மற்ற இலைகளைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. வழவழப்பான பரப்புதான் சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, சொரசொரப்பான இலைகள்தான் சுத்தமாக இருந்தன. அதைப் பின்தொடர்ந்து போனதில், மழையே கழுவிவிடும் சுவர் பெயின்ட் 1999-ல் கடைக்கு வந்தது.

பலர் இங்கே பேச்சை முடித்துவிடுகிறார்கள். நீங்கள் முடிக்காதீர்கள். இலையின் ஒரு பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே இடத்தில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். துளி நிற்காது, பரவி ஒட்டிக்கொள்ளும். மெழுகு போய்விட்டது. இப்போது கேளுங்கள்: சுவரில் இருக்கும் பெயின்ட் தேய்ந்தால் என்ன செய்வோம்? இன்னொரு டப்பா வாங்குவோம். செடி என்ன செய்கிறது? வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் மண்ணையும் வைத்துப் புது மெழுகைச் சுரக்கிறது, புது இலை விடுகிறது. பழைய இலை அங்கேயே மக்கி அந்தச் செடிக்கே உரமாகிறது. இலையின் வடிவத்தை நாம் வாங்கிக்கொண்டோம், அது வாழும் முறையை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. காலநிலைக்காகத் தெருவில் இறங்கத் தயாராக இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்று நான் முழுமையாக நம்புகிறேன். 1997-ல் பயோமிமிக்ரி என்ற சொல்லைப் பரவலாக்கிய ஜனீன் பென்யஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் வடிவம், செயல்முறை, முழுச் சூழல் அமைப்பு என்று மூன்று ஆழங்களைப் பற்றிப் பேசுகிறார். முதலாவதுதான் மேடைகளில் அதிகம் வருகிறது.

செயல்முறைக்கும் அதே சேப்பங்கிழங்கு போதும். பழைய வீடுகளில் குளித்த தண்ணீர் வெளியேறும் இடத்தில் வாழை, கல்வாழை, சேம்பு நிற்கும். உங்கள் பாட்டி வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்கின்றன, செடி அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் மண்ணில் இறங்குகிறது. இதையே கொஞ்சம் கணக்குப் போட்டு, ஜல்லியும் மணலும் அடுக்கி, செடி வைத்து அடுக்குமாடி வளாகங்களில் பாத்தியாகக் கட்டுகிறார்கள். துணி துவைத்த தண்ணீரும் குளித்த தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல் மண்ணுக்குப் போகிறது. ஒரு பாத்தி எப்படிக் கட்டுவது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். நீங்கள் பொறியாளர், என்னைவிட நன்றாகவே வரைவீர்கள்.

மூன்றாவதற்கு உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலே போதும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பினால் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடம் அதுதான். சம்பும் கோரையும் வேகத்தைக் குறைக்கின்றன, வண்டல் அடியில் தங்குகிறது, தண்ணீர் பரந்து விரிந்து நின்று, மெதுவாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. மோட்டார் இல்லை, கரன்ட் பில் இல்லை. ஒரு காலத்தில் இப்போதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்த சதுப்பு அது. குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் போக மிஞ்சியதுதான் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ஆக, "எங்க தெருவுல தண்ணி நிக்கிறது குறையுமா?" என்று கேட்டால் நேர்மையாகச் சொல்லுங்கள்: இலையாலும் பாத்தியாலும் மட்டும் குறையாது; சதுப்பு தன் வேலையைச் செய்ய இடம் விட்டால் குறையும். அடுத்த ஞாயிறு அந்தக் குழுவையே அழைத்துக்கொண்டு, அவர்கள் தெருவில் விழும் மழை எந்த வடிகாலில் இறங்கி எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். வழியில் எங்கே குறுகுகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே தரையையும் சேர்த்து சிமென்ட் பூசி ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல் செய்திருக்கிறார்கள் என்று படமெடுத்து வரைபடத்தில் குறிக்கட்டும். அந்த வரைபடத்தோடு வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்க்கட்டும். மாநகராட்சி சில பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் ஸ்பாஞ்ச் பார்க் அமைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் அது எங்கே வர வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

புல்லட் ரயிலை விட மனசில்லை என்றால், எய்ஜி நகாட்சு என்ற அந்தப் பொறியாளரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் ஒரு பறவை ஆர்வலர். சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வரும்போது குண்டு வெடித்தாற்போல் ஓசை எழுந்ததற்கு மீன்கொத்தி ஞாபகம் வந்ததும், மேலே மின்கம்பியைத் தொடும் கையின் இரைச்சலைக் குறைக்க ஆந்தைச் சிறகு ஞாபகம் வந்ததும் அவர் ஏற்கெனவே பறவைகளைப் பார்த்துப் பழகியிருந்ததால்தான். 1997-ல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் மூக்கைவிட அந்தப் பழக்கம்தான் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். இரண்டு நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

கேள்வி: இயற்கையைப் பார்த்துச் செய்த பொருள் எல்லாம் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே மேடம்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், பெரம்பூர்

பதில்: இல்லைப்பா. 1941-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ரல் தன் நாயோடு நடந்துவிட்டு வந்து, அதன் முடியில் ஒட்டிய காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சின்னச் சின்னக் கொக்கிகள். அதிலிருந்து வந்தது வெல்க்ரோ. யோசனை அருமையானது. ஆனால் அந்தக் காய் உதிர்ந்தால் மக்கிப்போகும், நைலான் கொக்கி மக்காது. உன் பள்ளிப் பை கிழிந்த பிறகும் அந்தப் பட்டை எங்கோ ஒரு குப்பைமேட்டில் அப்படியே இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் சொல்கிறேன். கோவளத்துப் பாறைகளில் மட்டிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அலை எவ்வளவு அடித்தாலும் விடாது. ஈரத்திலேயே ஒட்டும் ஒரு வகைப் புரதத்தை அது இழையாகச் சுரக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காய்சாங் லீ இதைக் கடற்கரையில் கவனித்தார். மட்டியைக் கொன்று பசை எடுக்க வேண்டாம் என்று, சாதாரண சோயா மாவின் புரதத்தை அதே மாதிரி ஒட்டும்படி மாற்றினார். பிளைவுட் பலகைகளை ஒட்டும் பசையில் வழக்கமாக ஃபார்மால்டிஹைடு இருக்கும். புது அலமாரியைத் திறந்தால் கண்ணை எரிக்கும் நெடிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், புற்றுநோயை உண்டாக்கக்கூடியதும்கூட. அது இல்லாத பிளைவுட் இந்தச் சோயாப் பசையால் பெரிய அளவில் தயாராகிறது. அங்கே மட்டியின் உருவத்தை யாரும் காப்பியடிக்கவில்லை. விஷமில்லாமல், கொதிக்கவைக்காமல், கைக்குக் கிடைத்ததை வைத்து ஒட்டுவது என்ற அதன் வேலையைக் கற்றுக்கொண்டார்கள்.

உன் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியையும் கொஞ்சம் கவனி. அதன் பாதத்தில் பசையே கிடையாது. லட்சக்கணக்கான நுண்முடிகள், ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிந்திருக்கும். சுவரின் மூலக்கூறுகளுக்கும் அந்த நுனிகளுக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்குகிறது. முடியின் சாய்மானத்தை மாற்றினால் போதும், கால் கழன்று வந்துவிடும். இன்றைய செல்போன்களைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், அதனால் பழுது பார்ப்பதும் கஷ்டம், உலோகங்களைப் பிரித்தெடுப்பதும் கஷ்டம். உறுதியாக ஒட்டி, வேண்டும்போது சேதமில்லாமல் பிரியும் ஒரு பிடிப்பு நமக்குக் கிடைத்தால் மின்குப்பை எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பார். நீ அறிவியல் பிரிவு என்றால் இதையே திட்டப்பணியாக எடு.

கேள்வி: ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் கரையான் புற்றைப் பார்த்து ஏசி இல்லாமல் கட்டிய ஈஸ்ட்கேட் சென்டர் பற்றி எங்கள் குழுவில் பேசப்போகிறேன். சென்னையிலும் அப்படிக் கட்டச் சொல்லி அரசிடம் கோரிக்கை வைக்கலாமா?
– கட்டடக்கலை மாணவி, கிண்டி

பதில்: கோரிக்கை வைப்பதற்குமுன் ஹராரே எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும். கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ் அந்தக் குளிர்ச்சியைத்தான் பிடித்தார். இரவில் மின்விசிறிகள் குளிர்ந்த காற்றைத் தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடங்கள் வழியாகச் செலுத்தி கனமான கான்கிரீட்டைக் குளிரவைக்கின்றன. பகலில் அந்தக் கான்கிரீட் அறைகளின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, சூடான காற்று புகைபோக்கிகள் வழியாக மேலே போய்விடுகிறது. 1996-ல் திறந்தார்கள். இன்றும் பாராட்டத் தகுந்த வேலை.

சென்னையில் மே மாதத்து நள்ளிரவில் மாடிக்குப் போய் நில்லுங்கள். 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது, அதோடு கடல் ஈரம் வேறு. கான்கிரீட்டைக் குளிரவைக்க எந்தக் காற்று வரும்? அந்தக் கட்டடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் வருடத்தில் ஆறு மாதம், உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். பிறகு அந்தக் கட்டடத்துக்கே ஏசி வாங்கி மாட்டுவோம்.

புற்றுக் கதையும் அவ்வளவு எளிதானதல்ல. கூட்டின் சூடு புற்று வழியாக மேலேறி வெளியேறிக் குளிர்விக்கிறது என்ற விளக்கம் 1960-களில் மார்ட்டின் லூஷர் என்ற ஆய்வாளர் தந்தது. பிறகு நமீபியாவில் ஸ்காட் டர்னர் போன்றவர்கள் புற்றுகளை அளந்து பார்த்தபோது, கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையைத்தான் ஒட்டிப் போகிறது என்று தெரிந்தது. புற்றின் முக்கிய வேலை மூச்சுவிடுவது; கரியமில வாயுவை வெளியே அனுப்பி ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது. 2015-ல் நம் தென்னிந்தியப் புற்றுகளிலேயே ஓர் ஆய்வு வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் எல்.மகாதேவன், உங்கள் பக்கத்து வளாகமான சென்னை ஐஐடியில் படித்து இன்று ஹார்வர்டில் பேராசிரியர். பகலில் புற்றின் வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடாவதால் அங்கே காற்று மேலே ஏறி நடுவில் கீழே இறங்குகிறது, இரவில் திசை மாறுகிறது. பகலும் இரவும் மாறி மாறி வரும் வெப்பமே புற்றுக்கு மூச்சு கொடுக்கிறது. இதை உங்கள் பேச்சில் அவசியம் சொல்லுங்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மாறிவிட்டது என்பதைக் கேட்டால் இளைஞர்களுக்கு அறிவியல்மேல் நம்பிக்கை குறையாது, கூடும்.

சரி, சென்னைக்கு யாரைப் பார்ப்பது? இந்த ஊரில் சித்திரை வெயிலைத் தாங்கி நன்றாக வாழ்பவர்களைப் பாருங்கள். எனக்குப் பிடித்த ஆசிரியர் புங்க மரம். மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு, வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் பளபளவென்று புதுத் துளிரோடு நிற்கும். நிழல் எப்போது வேண்டுமோ அப்போது அடர்த்தியாக இருக்கும். நம் கட்டடங்களில் நிழல் தரும் தட்டிகளும் மறைப்புகளும் வருடம் முழுக்க ஒரே மாதிரி நிற்கின்றன. மாதத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் மறைப்பை உங்களால் வரைய முடியும். இந்த ஈரக் காற்றில் வெப்பத்தைச் சேமித்துவைக்கும் வேலை எடுபடாது. நிழலும் நகரும் காற்றும்தான் எடுபடும். மதியம் கிழக்கேயிருந்து வரும் கடல்காற்றை ஒரே நீளச் சுவராக நின்று மறிக்கும் அடுக்குமாடிகளைப் பற்றியும், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய வீடுகளின் முற்றத்தையும் திண்ணையையும் பற்றியும் பேசுங்கள். கோரிக்கை அங்கிருந்து எழட்டும்: தெருவில் நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள், கடல்காற்றுக்கு வழி விடுங்கள்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காலநிலைக் குழு ஒன்றில் சேர்ந்ததிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. "எதுக்கும்மா படிக்கணும், எல்லாம் முழுகத்தானே போகுது" என்கிறாள். இயற்கை பற்றிய நல்ல பேச்சுகளைக் கேட்கவைத்தால் தெளிவாளா?
– ஒரு தாய், மயிலாப்பூர்

பதில்: பேச்சு மட்டும் போதாது அம்மா. அவள் பயம் உண்மையான விஷயத்தைப் பற்றியது, அதனால் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கூடவே அவள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். தை, மாசி மாதங்களில் பெசன்ட் நகர்ப் பக்கத்துக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்களே சேர்ந்து இரவில் நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்பி வருகிறார்கள். பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். நீங்களும் அவளோடு போங்கள். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும் இயல்பு உடையவை. கடல் பக்கம்தான் வெளிச்சம் என்று அவற்றின் உடம்புக்குத் தெரியும். கரையில் எரியும் விளக்குகள் அவற்றை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடுகின்றன. விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவதும் அந்த மாதங்களில் அணைப்பதும் யாராலும் செய்ய முடிகிற காரியம். உங்கள் மகள் ஒரு தெருவிளக்குக்காக மனு எழுதட்டும். அந்த விளக்கு அணைவதைப் பார்த்தால் அவளுக்கு நான் சொல்லக்கூடிய எதையும்விட அது பெரிய ஆறுதல்.

கேள்வி: எண்ணூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் ஆசிரியர். எங்கள் மாணவர்களுக்கும் இயற்கையிடம் கற்பது பற்றிப் பேச ஆசை. ஆனால் இங்கே சாம்பலும் எண்ணெயும் ஆலைப்புகையும்தான். எந்த இயற்கையை நான் காட்டுவது?
– ஆசிரியர், எண்ணூர்

பதில்: உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன் ஐயா. தென்சென்னையில் இருப்பவர்களுக்கு எளிதாகக் கிடைக்காத ஒரு பாடம் உங்கள் பிள்ளைகளின் வாசலில் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி வகையான வெண்கண்டல் மரங்கள் இன்னும் நிற்கின்றன.

ஒரு இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மற்ற கழிமுகங்களில் நான் மாணவர்களை அப்படித்தான் செய்யச் சொல்வேன், இலைமேல் உப்பு கரிக்கும். உங்கள் கழிமுகத்தில் வாயில் வைக்க வேண்டாம், உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டுங்கள். வெண்கண்டல் உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டி நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் மேலே ஏற்றுகிறது. கடல்நீரைக் குடிநீராக்க நாம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பெரிய ஆலைகள் கட்டி, மின்சாரத்தால் அழுத்தம் கொடுத்துப் பிழிகிறோம். சுரபுன்னை வெயிலில் இலை தண்ணீரை இழக்கும் அந்த இழுவையை வைத்தே இதைச் செய்துகொள்கிறது. அந்த வேரின் அடுக்குகளைப் பார்த்து வடிகட்டிகள் செய்ய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மீஞ்சூர் உங்களுக்குப் பக்கம்தானே, இரண்டையும் ஒரே வகுப்பில் பேசலாம்.

அடுத்து மூச்சுவேர்கள். சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் வெண்கண்டல் பென்சில் பென்சிலாக வேர்களை மேல்நோக்கி நீட்டி, அவற்றிலுள்ள நுண்துளைகளால் மூச்சுவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியதை உங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் படிந்தால் துளைகள் அடைபடும், மரத்துக்கு மூச்சு முட்டும். வலையும் படகும் கறுத்துப்போனதும் மரம் திணறியதும் ஒரே காரணத்தால்தான் என்று இந்த வேரை வைத்துச் சொல்லிவிடலாம். கற்றுக்கொள்ள வேண்டிய உயிரே செத்துப்போனால் எதைப் பார்த்து எதை வடிவமைப்பது? ஆய்வகத்தில் இருப்பவர் எத்தனை பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும் இந்தக் கேள்வி அவருக்கும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்றச் சொல்லிப் போராடும் மீனவர்கள் இந்த விஷயத்தில் பல வடிவமைப்பாளர்களைவிட முன்னால் நிற்கிறார்கள்.

கெட்டதை மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள், சீர்செய்ய முடிந்த கதை ஒன்றும் இருக்கிறது. பிச்சாவரத்தில் முன்பு மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியதில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் ஏறி வடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிப்போய் மரமே முளைக்காத இடங்கள் உண்டாயின. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அங்கே மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் எல்லா மூலைக்கும் போகிறது, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வருகிறது. ஓரங்களில் கண்டல் கன்றுகளை நட்டார்கள், காடு திரும்பி வந்தது. பிள்ளைகளைப் பள்ளி மைதான மண்ணில் அந்த மாதிரி ஒன்று வெட்டி, குடத்தால் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிரிவேளைக்குள் செய்துவிடலாம்.

பேச வெளியிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். உங்கள் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் அப்பாவோ தாத்தாவோ கழிமுகத்தில் வலை போட்டவராக இருப்பார். எந்த ஓதத்தில் இறால் எங்கே ஒதுங்கும், எந்த மரத்தடியில் நண்டு வளை இருக்கும், பத்து வருடத்துக்கு முன்பு எது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிவைக்கட்டும். கழிமுகத்துக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் வற்றுநீர் நேரத்தில், அவர் துணையோடு, பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள். காலில் பழைய ஷூ போடச் சொல்லுங்கள், சேற்றில் சிப்பி ஓடு கிழிக்கும்.